ஆர்டபிள்யூஇ: கரிக்குழியும் அணுஉலையும், எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நான் நெய்வேலி பக்கத்து ஆளு, இப்போ கொலோன் பக்கத்துல இருக்கேன். ஊர்லேர்ந்து யார் வந்தாலும், இங்க புதுசா வேலைக்கு வர்ற பசங்களும், ஆகன் பக்கம் ஒரு தடவை கார்ல போயிட்டு வந்தாலே "அண்ணே அந்தப் பெரிய பள்ளம் என்னது, அந்த வெள்ளைப் புகை வருதே அது அணுஉலையா"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸப்ல டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன்.

ஆர்டபிள்யூஇ-ன்னா என்ன கம்பெனி?

ஜெர்மனியோட பெரிய மின்சாரக் கம்பெனிகள்ல ஒண்ணு. 1898-ல எஸ்ஸன் நகரத்துல ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் இன்னிக்கும் அங்கதான். பேரை விரிச்சா ரைன்-வெஸ்ட்ஃபாலியா மின் நிறுவனம்னு வரும், இங்க உள்ளவங்க "எர்-வே-ஏ"ன்னு சொல்லுவாங்க, நீங்க ஆர்டபிள்யூஇ-ன்னு இங்கிலீஷ்ல சொன்னா ஒரு நொடி முழிப்பாங்க.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இது தனியார் கம்பெனிதான், ஆனா டோர்ட்முண்ட், எஸ்ஸன் மாதிரி நகராட்சிகள் ரொம்ப காலமா இதுல பங்கு வச்சிருக்காங்க. கம்பெனி லாபம் பாத்தா டிவிடெண்ட் வரும், அந்தக் காசுலதான் நீச்சல்குளம், பஸ்சு எல்லாம் ஓடும். அப்புறம் அந்த கவுன்சில் கரியை எதுத்து வாய் திறக்கும்னு எதிர்பாத்தா எப்படி.

அந்த வெள்ளைப் புகை அணுஉலையா?

இல்ல. நீடர்ஆவுஸெம், நாய்ராத், வைஸ்வைலர்னு மூணு இடத்துல கரி எரிக்கிற நிலையம் இருக்கு, நீங்க பாத்தது அதுல ஒண்ணோட கூலிங் டவர். அது வெறும் நீராவி. பிரச்சனையான சமாச்சாரம் கண்ணுக்குத் தெரியாது, கார்பன் டை ஆக்சைடுக்கு ஏது நிறம்.

சுத்தமான நாடுன்னு சொல்றாங்களே, இவ்ளோ கரியை ஏன் எரிக்கிறாங்க?

ஏன்னா அது அவங்க காலுக்கு அடிலயே கிடக்கு. நம்ம நெய்வேலில இருக்குற அதே பழுப்பு நிலக்கரிதான், லிக்னைட். வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல கொண்டுவர வேண்டாம், தோண்டி பெல்ட்டுல போட்டா நேரா பாய்லருக்குப் போயிடும். ஆனா மண்ணுலேர்ந்து எடுக்குறப்ப பாதிக்குப் பாதி தண்ணியாத்தான் இருக்கும், அதனால சூடு கம்மி, அதனால நிறைய எரிக்கணும், ஒரு யூனிட் கரன்ட்டுக்கு சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. இயற்கை எரிவாயுல எடுத்தா அதுல பாதிகூட வராது. நாய்ராத் நிலையம் மட்டும் 2018-ல 3 கோடி டன்னுக்கு மேல விட்டுச்சு. ஐரோப்பாவுல போலந்து பெல்ஹாதுவ் நிலையத்துக்கு அடுத்த இடம் ரொம்ப வருஷம் இதுக்குத்தான். கூடவே பாதரசம், நுண்துகள், கந்தகம் எல்லாம் உண்டு. கந்தகத்தைப் பிடிக்க 80-கள்லயே வடிகட்டி போட வச்சாங்க, காட்டு மரம் எல்லாம் பட்டுப்போகுதுன்னு நாடே கொதிச்ச நேரம் அது. பாதரசத்துக்கு அந்த அளவுக்கு யாரும் கொதிக்கல.

ஹம்பாக் பள்ளம் உண்மையிலேயே எவ்ளோ பெருசு?

நீங்க கேக்குற அந்தப் பெரிய பள்ளம் இதுதான், ஆர்டபிள்யூஇ கரி தோண்டுற திறந்தவெளிச் சுரங்கம். நம்பர் சொன்னா மண்டைல ஏறாது, இருந்தாலும் சொல்றேன். 1978-ல தோண்ட ஆரம்பிச்சாங்க, 400 மீட்டர் ஆழம் வரைக்கும் போயிருக்கு, அடிமட்டம் கடல் மட்டத்துக்கு கிட்டத்தட்ட 300 மீட்டர் கீழ. எல்ஸ்டோர்ஃப் பக்கத்துல டெர்ரா நோவான்னு ஒரு பார்வை மேடை வச்சிருக்காங்க, பள்ளத்து ஓரத்துல பீச்ல போடுற மாதிரி சாய்வு நாற்காலி. எங்க சித்தப்பா சுரங்கத்துல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவரை அங்க கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு பொரியல் வாங்கி மயோனைஸ் தொட்டுத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. கீழ பக்கெட் வீல் மெஷின், அதாவது பெரிய சக்கரத்துல வாளி வாளியா மாட்டி மண்ணை அள்ளுறது, சுத்துது, ஆனா தூரம் அதிகம்கிறதால சத்தமே கேக்கல, பொம்மை மாதிரி இருந்துச்சு. சித்தப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு, "டேய், அதுக்குப் பக்கத்துல நிக்குது பாரு, அது ஜீப்பு"ன்னாரு. அப்பதான் எனக்கு அளவே புரிஞ்சுது, அதுவரைக்கும் நான் அதை ஏதோ கல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த மெஷின்கள்ல ஒண்ணு பேக்கர் 288. 13,000 டன்னுக்கு மேல எடை, ஒரு நாளைக்கு 2,40,000 கன மீட்டர் அள்ளும். 2001-ல அதை ஹம்பாக்லேர்ந்து கார்ஸ்வைலர் சுரங்கத்துக்கு 22 கிலோமீட்டர் நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க, ஆட்டோபானைக் குறுக்க தாண்டி, எர்ஃப்ட் ஆத்தைத் தாண்டி. கார்ஸ்வைலர்ல அந்த ஆட்டோபானையே வெட்டி எடுத்தாங்க. ஏ44 ரோட்டை முதல்ல தூக்கிட்டு, தோண்டி மூடுன மண்ணு மேல திரும்பப் போட்டு 2018-ல திறந்தாங்க, திறந்ததும் பக்கத்துல ஏ61-ஐ வெட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல ஒரு மேம்பாலம் முடியறதுக்குள்ள தலைமுறை மாறிடுது, இங்க கரிக்காக ஹைவே இடம் மாறிப் போகுது.

அங்க இருந்த ஊருங்க?

போச்சு. ரைன்லாண்ட், அதாவது ரைன் ஆத்துப் பக்கம் இருக்குற இந்தக் கரிப் பகுதி முழுக்க இதுவரைக்கும் நாப்பதாயிரம் பேர் வரைக்கும் எழுப்பி விட்டிருக்காங்க. இம்மராத்னு ஒரு ஊர், அங்க ரெட்டைக் கோபுரம் வச்ச சர்ச், சின்ன ஊருக்கு அவ்ளோ பெரிய சர்ச்சுன்னு "இம்மராத் டோம்"னு செல்லமா கூப்பிடுவாங்க, 2018 ஜனவரில இடிச்சாங்க. மான்ஹைம்னு இன்னொரு ஊர், மைக்கேல் ஷூமாக்கர் சின்னப் பையனா கார்ட் ஓட்டிப் பழகுன பக்கம்.

நியாயமாச் சொல்லணும்னா இங்க மாத்து இடம் ஒழுங்காத்தான் குடுக்குறாங்க, புது ஊர் கட்டி, ரோட்டுக்குப் பழைய தெருப் பேரையே வச்சு, கல்லறையத் தோண்டி எலும்பைக்கூட புது இடத்துக்குக் கொண்டுபோய் புதைச்சுத் தர்றாங்க. ஆனாலும் போனவங்ககிட்ட கேட்டா "எல்லாம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் வேற ஆளு"ம்பாங்க.

கொடுமை என்னன்னா கீயன்பெர்க், குக்கும் மாதிரி அஞ்சு ஊரை 2022-ல "இதை எடுக்கல, விட்டுடறோம்"னு சொல்லிட்டாங்க. ஆனா அதுக்குள்ள அங்க உள்ளவங்க பெரும்பாலும் வீட்டை வித்துட்டு புது கீயன்பெர்க்குக்குப் போயிட்டாங்க. நான் ஒரு ஞாயித்துக்கிழமை பழைய கீயன்பெர்க்ல நடந்து பாத்தேன், தெரு சுத்தமா இருக்கு, சன்னல் ஷட்டர் எல்லாம் இறக்கி இருக்கு, ஒரு வீட்டு வாசல்ல மட்டும் தபால்பெட்டி முழுக்க விளம்பரத் தாள் பிதுங்கிட்டு இருந்துச்சு. போராடி ஊரைக் காப்பாத்தியாச்சு, ஊர்ல ஆள் இல்ல.

ஹம்பாக் காடு பத்தி நியூஸ்ல வந்துச்சே, அது என்ன கதை?

ஒரு காலத்துல 4,000 ஹெக்டேருக்கு மேல இருந்த பழைய காடு. சுரங்கத்துக்காக வெட்டுனது போக மிச்சம் சில நூறு ஹெக்டேர்தான். அதையும் வெட்டக்கூடாதுன்னு 2012-லேர்ந்து போராடுற பசங்க மரத்து மேல குடிசை கட்டி உக்காந்தாங்க. 2018 செப்டம்பர்ல அரசாங்கம் ஆயிரக்கணக்குல போலீஸ் அனுப்பி இறக்குச்சு, அதுக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா, மரவீட்டுல தீயணைப்பு பாதுகாப்பு விதிப்படி இல்லையாம். அந்த நேரத்துல ஒரு இளம் பத்திரிகைக்காரர் மரத்துக்கு மரம் கட்டுன பாலத்துலேர்ந்து விழுந்து செத்துப்போனாரு. அக்டோபர் 5-ம் தேதி ம்யுன்ஸ்டர் மேல்கோர்ட் மரம் வெட்டத் தடை போட்டுச்சு, மறுநாள் அம்பதாயிரம் பேர் கூடுனாங்க. தடை வாங்குனது பூண்ட்னு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, அவங்க கேஸ் நின்னது ஒரு வௌவாலை வச்சு, பெக்ஸ்டைன் வௌவால்னு அந்தக் காட்டுல வாழுற அரிய இனம். மனுஷன் நாப்பதாயிரம் பேர் போனப்ப நிக்காத மெஷின் வௌவாலுக்கு நின்னுச்சு, இதை நான் கிண்டலா சொல்லல, சட்டம் எங்க கூர்மையா இருக்கோ அங்கதான் வெட்டும். மூணு வருஷம் கழிச்சு 2021-ல கொலோன் கோர்ட் அந்த தீயணைப்பு காரணம் செல்லாது, காலி பண்ணுனதே சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு.

லுட்ஸராத்?

2022 அக்டோபர்ல மத்திய அரசு, மாநில அரசு, கம்பெனி மூணு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க: ரைன்லாண்ட்ல கரியை 2038-க்குப் பதிலா 2030-லயே நிறுத்துறோம், அஞ்சு ஊரை விடுறோம், ஆனா கார்ஸ்வைலர் பள்ளத்து ஓரத்துல இருக்குற லுட்ஸராத் ஊரும் அதுக்கு அடில இருக்குற கரியும் வேணும். ஒப்பந்தத்துக்கு வந்த ரெண்டு அமைச்சரும் பசுமைக் கட்சி, அதுதான் பசங்களுக்கு ஆறல. 2023 ஜனவரி 11-லேர்ந்து போலீஸ் இறங்குச்சு, 14-ம் தேதி பெரிய ஊர்வலம், கிரேட்டா துன்பெர்க்கும் வந்தாங்க, மழைல வயல் எல்லாம் சேறு, போலீஸ்காரங்க முழங்கால் வரைக்கும் மாட்டிக்கிட்டு நிக்க, துறவி அங்கி போட்ட ஒருத்தர் சுத்திச் சுத்தி அவங்களைத் தள்ளிவிட்ட வீடியோ உங்களுக்கும் ஃபார்வர்டு வந்திருக்கும்.

ஊர் போயிடுச்சு. அந்த ஒப்பந்தத்துல எல்லாரும் மறந்த ஒரு வரி: அதே நேரத்துல நாய்ராத்ல மூட வேண்டிய ரெண்டு யூனிட்டை, ரஷ்யாலேர்ந்து எரிவாயு நின்னதால, 2024 மார்ச் வரைக்கும் ஓட்டிக்கிட்டாங்க. முன்னாடியே முடிக்கிறோம்னு சொன்னது ஒரு பக்கம், நடுவுல கூட எரிச்சது இன்னொரு பக்கம்.

தண்ணிப் பிரச்சனை இருக்கா?

எனக்குக் கேட்டா இதுதான் பெரிய பிரச்சனை, ஆனா இதுக்கு வீடியோ எடுக்க முடியாதுங்கிறதால யாரும் பேசுறதில்ல.

நெய்வேலிக்காரங்களுக்கு நான் விளக்கவே வேணாம். கரிக்கு அடில ஊத்துத்தண்ணி அழுத்தத்தோட நிக்கும், அதை ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கலேன்னா சுரங்கத்துத் தரையே பொத்துக்கும். இங்கயும் அதே கதைதான், பள்ளத்தைச் சுத்தி நூத்துக்கணக்குல போர் போட்டு வருஷத்துக்கு 50 கோடி கன மீட்டர் அளவுக்கு தண்ணிய எடுக்குறாங்க. நிலத்தடி நீர் பள்ளத்துக்குள்ள மட்டும் இறங்காது, பல பத்து கிலோமீட்டர் தள்ளி டச்சு எல்லை பக்கம் வரைக்கும் அது இழுக்கும். அந்தப் பக்கம் ஷ்வால்ம்-நெட்டன்னு ஈரநிலம், காடு, பறவை எல்லாம் இருக்கு, அது காஞ்சு போகாம இருக்க இறைச்ச தண்ணில ஒரு பங்கை சுத்திகரிச்சு குழாய் போட்டு திரும்ப மண்ணுக்குள்ள விடுறாங்க. ஒரு கைல உறிஞ்சி இன்னொரு கைல ஊட்டுறது.

இறைச்ச தண்ணி பெரும்பகுதி எர்ஃப்ட் ஆத்துல போகுது. ஆழத்துலேர்ந்து வர்றதால வெதுவெதுன்னு இருக்கும், அதனால குளிர்காலத்துலயும் அந்த ஆறு உறையாது, வெப்பநாட்டு மீன் எல்லாம் அதுல வாழுது, யாரோ வீட்டுத் தொட்டியக் கொட்டிட்டுப் போனது பெருகிக்கிச்சு. இப்போ சுரங்கம் மூடுனா பம்ப் குறையும், ஆறு ஓடையா சுருங்கும், அதுக்காக ஆத்துப் பாதையவே சின்னதா மாத்தி வெட்டுறாங்க.

அடுத்தது அந்தப் பள்ளம். மண்ணு போட்டு மூட முடியாது, அவ்ளோ மண்ணு கிடையாது, ஏரியாக்கப் போறாங்க. ரைன் ஆத்துல டோர்மாகன் பக்கத்துலேர்ந்து 45 கிலோமீட்டர் குழாய், விநாடிக்கு 18 கன மீட்டர் வரைக்கும் எடுக்கலாம், 2030-லேர்ந்து ஹம்பாக்குக்கு விட ஆரம்பிச்சா நிறைய நாப்பது வருஷம். நிறைஞ்சா கொள்ளளவுல ஜெர்மனியிலயே போடன்ஸே ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி. விளம்பரப் படத்துல பாய்மரப் படகு, பீச்சு, எல்லாம் வரைஞ்சு வச்சிருக்காங்க. அந்த பீச்சுல குளிக்கப்போறவன் இன்னும் பொறக்கல.

கேள்வி என்னன்னா, 2018-லயும் 2022-லயும் கோடைல ரைன் இறங்குனப்ப சரக்குக் கப்பல் பாதி லோடுதான் ஏத்துச்சு. அந்த மாதிரி வருஷம் அடிக்கடி வந்தா? தண்ணி இறங்குனா கம்மியாத்தான் எடுப்போம், அதுக்கு அளவு வச்சிருக்கோம்னு கம்பெனி சொல்லுது. அப்படின்னா நாப்பது வருஷம்கிறது அம்பதோ அறுபதோ ஆகும், அதுவரைக்கும் கரை சரியாம இருக்க பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும். ரைன் தண்ணில இருக்குற தொழிற்சாலை ரசாயனம் ஏரி வழியா நிலத்தடி நீருக்குள்ள இறங்குமேன்னு சுற்றுச்சூழல் அமைப்புகள் கேக்குறாங்க, அதுவும் நியாயமான கேள்வி. இன்னொண்ணு, தண்ணி இறங்கி இருந்த அம்பது வருஷத்துல ஜனங்க எர்ஃப்ட் படுகைல பேஸ்மென்ட் வச்சு வீடு கட்டிட்டாங்க. தண்ணி திரும்ப ஏறும்போது?

நெய்வேலியும் இதும் ஒண்ணா?

கரி ஒண்ணு, மெஷின் ஒண்ணு (நெய்வேலில ஓடுற பக்கெட் வீல் தொழில்நுட்பமே ஜெர்மன்தான்), தண்ணிக் கதை ஒண்ணு. ஆள நடத்துற விதம் வேற. 2023 ஜூலைல மேல்வளையமாதேவில கதிர் வர்ற நேரத்து நெல்லு மேல மெஷினை விட்டாங்களே, நிலம் எப்பவோ எடுத்தாச்சுன்னு நெய்வேலி என்எல்சி கம்பெனி சொல்லுச்சு, இருக்கட்டும், அறுப்பு வரைக்கும் பொறுத்திருக்கலாம். இங்கயும் போலீஸை விட்டுத்தான் இழுத்துப் போட்டாங்க, ஆனா பயிர் மேல ஏத்துனா அன்னிக்கே அமைச்சர் பதில் சொல்லணும்.

அணுஉலை எத்தனை வச்சிருந்தாங்க?

பிப்ளிஸ்ல ரெண்டு, பவேரியால குண்ட்ரெம்மிங்கன்ல மூணு, லிங்கன்ல எம்ஸ்லாண்ட், ரைன் கரைல ம்யுல்ஹைம்-கேர்லிஷ். குண்ட்ரெம்மிங்கன்லயும் எம்ஸ்லாண்ட்லயும் வேற கம்பெனிக்கும் பங்கு உண்டு. எல்லாம் மூடியாச்சு. கடைசியா எம்ஸ்லாண்ட், 2023 ஏப்ரல் 15, அன்னிக்கே நாட்டோட மத்த ரெண்டு உலையும் நின்னுச்சு.

ம்யுல்ஹைம்-கேர்லிஷ் கதை கேட்டா சிரிப்பு வரும். அனுமதி வாங்குன இடத்துல நிலநடுக்கப் பிளவு இருக்குன்னு தெரிஞ்சு உலையை 70 மீட்டர் தள்ளிக் கட்டிட்டாங்க, ஆனா அந்த மாத்தத்துக்கு ஒழுங்கா புது அனுமதி நடைமுறை பண்ணல. கட்டி முடிச்சு, முழுசா ஓட்டுனது 13 மாசம், 1988-ல கோர்ட் அனுமதியே செல்லாதுன்னு நிறுத்திடுச்சு. கட்டுன செலவு 700 கோடி மார்க், யூரோவுக்கு முன்னாடி இருந்த ஜெர்மன் காசு. கூலிங் டவரை 2019 ஆகஸ்ட்லதான் சாய்ச்சாங்க. இந்த உலை பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, காசு கேள்விக்கு வர்றப்ப திரும்ப வரும்.

விபத்து ஏதாவது நடந்திருக்கா?

செர்னோபில் மாதிரி இல்ல. ஆனா நடந்திருக்கு.

குண்ட்ரெம்மிங்கன் ஏ-ல 1975-ல ரிப்பேர் பண்ணப் போன ரெண்டு தொழிலாளிங்க சூடான நீராவில வெந்து செத்தாங்க. 1977 ஜனவரில பனிக்குளிர்ல மின்கம்பி ஷார்ட் ஆகி உலை திடீர்னு நின்னு, அதுல கட்டடத்துக்குள்ள கதிரியக்கத் தண்ணி நிறைஞ்சு, அந்த உலை திரும்ப ஓடவே இல்ல.

என்னைப் பயமுறுத்துனது பிப்ளிஸ் கதை. 1987 டிசம்பர், ஏ உலையை மெதுவா ஸ்டார்ட் பண்றாங்க. மூடி இருக்க வேண்டிய ஒரு வால்வு திறந்தே கிடக்கு. கன்ட்ரோல் ரூம்ல அதுக்கான எச்சரிக்கை விளக்கு எரியுது. முதல் ஷிஃப்ட் பாத்துட்டு விளக்கு ரிப்பேர் போலன்னு விட்டாங்க, ரெண்டாவது ஷிஃப்ட்டும் அப்படியே. வேலை பாத்தவனுக்கு இது புரியும், எந்த ஃபேக்டரிலயும் ஒரு விளக்கு சும்மா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், வர்றவன் போறவன் எல்லாம் "அது அப்படித்தான்"னு சொல்லிட்டுப் போவான். பதினஞ்சு மணி நேரம் கழிச்சு மூணாவது ஷிஃப்ட்டுக்கு விஷயம் உறைச்சுது. அப்பவாவது உலையை நிறுத்தி இருக்கணும். அதுக்குப் பதிலா, ஒரு நிமிஷம் இன்னொரு வால்வைத் திறந்தா தண்ணி வேகத்துல இது தானா மூடிக்கும்னு முயற்சி பண்ணுனாங்க. மூடல. நூறு லிட்டருக்கு மேல கதிரியக்கத் தண்ணி வெளிய பாய்ஞ்சுது, சில நொடில அந்த ரெண்டாவது வால்வை மூடிட்டாங்க. மூட முடியாம போயிருந்தா குளிரூட்டும் தண்ணியே கட்டடத்துக்கு வெளிய போற வழி அது.

இது ஊருக்கு எப்போ தெரிஞ்சுது? ஒரு வருஷம் கழிச்சு, அதுவும் ஒரு அமெரிக்கத் துறைப் பத்திரிகை எழுதுனதால. வால்வு மாட்டிக்கிறது எங்கயும் நடக்கும். ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தது தானா நடக்காது.

ஹாம் காமாட்சி அம்மன் கோயில் பக்கத்துல அணுஉலை இருந்துச்சாமே, நெஜமா?

நெஜம்தான். வைகாசி-ஆனி வாக்குல தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து நம்ம சனம், முக்கியமா ஈழத்து ஆளுங்க, ஆயிரக்கணக்குல வர்ற அதே ஹாம்-ஊயென்ட்ரோப். கோயில் கும்பாபிஷேகம் 2002-ல. உலை அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுருச்சு, பயந்துக்காதீங்க.

அது தோரியம் உலை, டிஹெச்டிஆர்-300. நம்ம ஆளுங்களுக்கு தோரியம்னா தனிப் பாசம், மணவாளக்குறிச்சி மண்ணுல இருக்குன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்திருக்காங்க. இது கம்பி போடுற உலை இல்ல, டென்னிஸ் பந்து சைஸ்ல கிராஃபைட் உருண்டை, ஆறேமுக்கால் லட்சம் உருண்டை, மேல போட்டா மெதுவா கீழ இறங்கி வரும். பேப்பர்ல அற்புதமான டிசைன், நடைமுறைல உருண்டை மாட்டிக்கும், உடையும். 1986 மே 4, செர்னோபில் நடந்து எட்டு நாள். உருண்டை போற குழாய்ல அடைப்பு, அதை எடுக்கப் போய் கதிரியக்கத் தூசி புகைபோக்கி வழியா வெளிய போச்சு. முதல்ல எங்க உலை இல்ல, அது செர்னோபில் மேகம்னு சொன்னாங்க, அப்போ வானத்துல எல்லாமே செர்னோபில்தானே, யார் கண்டா. அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. 1989-ல மூடுனாங்க, மொத்தம் முழுத் திறன்ல ஓடுனது 423 நாள் கணக்கு.

அப்போ அதை நடத்துனது உள்ளூர் மின்கம்பெனிகள் சேர்ந்து வச்ச தனி கம்பெனி. அதுல பெரிய கையா இருந்த விஇடபிள்யூ 2000-ல ஆர்டபிள்யூஇ-யோட சேர்ந்துருச்சு, அப்படித்தான் இந்தத் தலைவலி இவங்களுக்கு வந்துச்சு. உருண்டை எல்லாம் 305 கேஸ்டர் பெட்டில (அணுக்கழிவு வைக்கிற கனமான பெட்டி) ஆகவுஸ்ங்கிற ஊர்ல கிடக்கு. உலைக் கட்டடம் சீல் வச்சு அப்படியே நிக்குது.

அதே வளாகத்துல கரி நிலையமும் இருக்கு. 2008-ல அங்கேலா மெர்கல் வந்து அடிக்கல் வச்சு ரெண்டு புது யூனிட் கட்டுனாங்க, 200 கோடி யூரோவுக்கு மேல. ஒண்ணுல பாய்லரை ஆசிட் விட்டுக் கழுவும்போது துருப்பிடிச்சு, ஓட்டாமலே கைவிட்டாங்க. இன்னொண்ணு 2014-ல ஓட ஆரம்பிச்சு 2021 பொறக்கும்போது சந்தைலேர்ந்து விலகிடுச்சு, ஆறரை வருஷம். புத்தம்புது நிலையத்தை மூட அரசாங்கத்துகிட்டேர்ந்து ஏலத்துல காசும் வாங்குனாங்க.

அணுக்கழிவு இப்போ யார் பொறுப்பு?

அரசாங்கம். 2017-ல அணுஉலை வச்சிருந்த நாலு பெரிய மின்கம்பெனியும் சேர்ந்து 2,410 கோடி யூரோவை ஒரு அரசு நிதில கட்டிட்டு கழிவைக் கை கழுவிட்டாங்க, ஆர்டபிள்யூஇ பங்கு சுமார் 680 கோடி. உலையைப் பிரிச்சு எடுக்குறது மட்டும் கம்பெனி செலவு. கழிவைப் புதைக்க நிரந்தர இடம் இன்னும் தேடிக்கிட்டே இருக்காங்க, கோர்லேபன் இடத்துக்காக நாப்பது வருஷம் சண்டை போட்டு 2020-ல அதை லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டாங்க. பத்து லட்சம் வருஷம் பாதுகாக்கணும்னு சட்டத்துல எழுதி வச்சிருக்கு. 2,410 கோடி பத்தலேன்னா மிச்சம் என்னோட வரிலேர்ந்துதான்.

அணுவை மூடிட்டு கரியை எரிச்சது முட்டாள்தனம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஆபீஸ் கேன்டீன்ல சண்டையே வந்திருக்கு. என் கருத்து: மூடுனது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், மேல சொன்ன பிப்ளிஸ் கதைக்கு அப்புறம் நம்பிக்கை போனா போனதுதான். ஆனா வரிசை தப்பு. முதல்ல கரி, அப்புறம் அணுன்னு போயிருந்தா ஹம்பாக்கும் லுட்ஸராத்தும் இந்த அளவுக்கு வந்திருக்காது. 2011-ல ஃபுகுஷிமா ஆன நாலாவது நாளே பழைய உலைகளை நிறுத்தச் சொன்னது, அடுத்த வருஷமே நாய்ராத்ல புது லிக்னைட் யூனிட் ரெண்டு திறந்தது, இந்த ரெண்டையும் ஒரே நாடு பண்ணுச்சுன்னு வெளில சொன்னா நம்பமாட்டாங்க.

மூடுறதுக்கு எவ்ளோ காசு வாங்குனாங்க?

லிக்னைட்டை நிறுத்த 260 கோடி யூரோ. ஐரோப்பிய ஆணையம் 2023 டிசம்பர்ல சரின்னு சொல்லிடுச்சு. அணுவுக்கு 2021-ல நாலு கம்பெனிக்கும் சேர்த்து அரசாங்கம் குடுத்தது சுமார் 240 கோடி, அதுல ஆர்டபிள்யூஇ-க்கு 88 கோடி. எதுக்காம்? அணுவை நிறுத்த 2000-ல போட்ட ஒப்பந்தத்துல அந்த 13 மாச உலை, ம்யுல்ஹைம்-கேர்லிஷ், அதுக்கு ஒரு மின்சாரக் கோட்டா குடுத்து மத்த உலைல ஓட்டிக்கலாம்னு விட்டாங்க. 2011-ல தேதி போட்டு மூடுனதால அந்தக் கோட்டா வீணாப் போச்சு, ஈடு குடுக்கணும்னு அரசியல் சாசனக் கோர்ட் 2016-ல சொல்லிடுச்சு. தப்பான இடத்துல கட்டுன உலை ஓடுனப்ப சம்பாதிச்சதை விட நின்னப்புறம்தான் நல்லா சம்பாதிச்சிருக்கும் போல.

பெரு விவசாயி ஒருத்தர் கேஸ் போட்டாரே?

சவுல் லூசியானோ லியூயா, மலை வழிகாட்டியும்கூட. அவர் ஊர் ஹுவராஸ், மேல பால்காகோச்சா ஏரி, பனிப்பாறை உருகி ஏரி ஏறிக்கிட்டே இருக்கு, 1941-ல ஒரு தடவை உடைஞ்சு ஊரையே அடிச்சுட்டுப் போனது. உலகத்துல தொழிற்சாலைங்க இதுவரைக்கும் விட்ட புகைல ஆர்டபிள்யூஇ பங்கு 0.47 சதவீதம்னா, கரை கட்டுற செலவுல அந்த 0.47 சதவீதத்தை மட்டும் குடுன்னு 2015-ல எஸ்ஸன்ல கேஸ் போட்டாரு. சுமார் 17,000 யூரோ. ஒரு பழைய கார் விலை. அங்க தள்ளுபடி ஆகி, அப்பீல் ஹாம் மேல்கோர்ட்டுக்கு வந்துச்சு (அதே ஹாம்தான், நம்ம கோயில் ஊர்). நீதிபதிங்க 2022-ல பெருவுக்கே போய் ஏரியைப் பாத்துட்டு வந்தாங்க. 2025 மே 28 தீர்ப்பு: அவர் வீட்டுக்கு வெள்ளம் வர்ற ஆபத்து போதுமான அளவு இல்ல, கேஸ் தள்ளுபடி. ஆனா பெரிய அளவுல புகை விடுற கம்பெனியை இந்த மாதிரி பொறுப்பாக்க சட்டத்துல இடம் இருக்குன்னு அதே தீர்ப்புல எழுதி வச்சிட்டாங்க. அந்த மாதிரி ஒரு பத்தி வந்துடக்கூடாதுன்னுதான் கம்பெனி பத்து வருஷம் வக்கீலுக்குக் காசு குடுத்துச்சு, 17,000-ஐக் குடுத்துட்டுப் போயிருந்தா அடுத்தவன் வந்துருவான்ல.

இப்போ அவங்க காத்தாலை கம்பெனி தானே?

ஆமா, வட கடல்ல காத்தாலை, அமெரிக்காவுல சோலார், எல்லாம் பெருசா போட்டிருக்காங்க, அதைக் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா நெதர்லாந்து போர்செல அணுஉலைல 30 சதவீதம் வச்சிருக்காங்க. யுரேனியம் செறிவூட்டுற யுரென்கோ கம்பெனில ஜெர்மனியோட மூணுல ஒரு பங்கை இவங்களும் ஈ.ஆன்னு இன்னொரு ஜெர்மன் மின்கம்பெனியும்தான் பாதி பாதியா வச்சிருக்காங்க. வாசல்ல காத்தாடி சுத்துது, கொல்லைல பழைய சாமான்.

நேர்ல பாக்கணும்னா எங்க போகலாம்?

ஹம்பாக்குக்கு எல்ஸ்டோர்ஃப்ல டெர்ரா நோவா. கார்ஸ்வைலருக்கு யாக்கராத் பக்கத்துல பள்ளத்து ஓரத்துல ஒரு பார்வை மேடை இருக்கு. கார் இருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். காத்து பயங்கரமா அடிக்கும், மே மாசம்னாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. காடு பாக்கணும்னா ப்யூர் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம், போறப்ப வீட்டுலேர்ந்தே தயிர்சாதம் கட்டிக்கோங்க, பக்கத்துல கடை எதுவும் கிடையாது. சித்தப்பா ஊருக்குப் போறப்ப அங்க இருந்து ஒரு பிடி மண்ணை பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனாரு, நெய்வேலி மண்ணோட வச்சுப் பாக்கணும்னு. ஏர்போர்ட்ல யாரும் ஒண்ணும் கேக்கல.